இரண்டாம் முறை உள்ளே போனவர்: சான் டியேகோ கப்பலின் கொதிகலன் வெடிப்பும் டெலெஸ்ஃபோரோ டிரினிடாடும்

1915 ஜனவரி 21. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் அமெரிக்கக் கடற்படையின் சான் டியேகோ என்ற கவசப் போர்க்கப்பல் தன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் எதிரிக் கப்பல் ஒன்றும் இல்லை. ஐரோப்பாவில் போர் மூண்டு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகிவிட்டது என்றாலும், அமெரிக்கா அதில் இறங்க இன்னும் இரண்டு ஆண்டுக்கு மேல் இருந்தது. நான்கு மணி நேரம் நிறுத்தாமல் முழு வேகத்தில் ஓட்டி, இயந்திரங்கள் எவ்வளவு தாங்குகின்றன என்று குறித்துக்கொள்ளும் சோதனை ஓட்டம் அது. அரை நாள் வேலை. முடிந்ததும் நெருப்பைக் குறைத்துவிட்டு எல்லோரும் மேலே வந்து காற்று வாங்கியிருப்பார்கள்.

முடியவில்லை. கொதிகலன்கள் அடுத்தடுத்து வெடித்தன. ஒன்றல்ல, ஐந்து. ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அன்று செய்த காரியத்துக்காக இரண்டு பேருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த படை விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது. ஒருவர் ராபர்ட் வெப்ஸ்டர் கேரி, கடற்படைக் கல்லூரியிலிருந்து வெளிவந்து அதிக நாள் ஆகாத, என்சைன் என்ற தொடக்க நிலை அதிகாரி. மற்றவர் டெலெஸ்ஃபோரோ டிரினிடாட், பிலிப்பைன்ஸ்காரர், இரண்டாம் நிலை ஃபயர்மேன். இருவரும் 1890இல் பிறந்தவர்கள். அன்றைக்கு இருவருக்கும் வயது 24.

கேரியின் கதை அமெரிக்கக் கடற்படை வட்டாரத்தில் ஓரளவு தெரிந்த கதைதான். இந்த ஆய்வு டிரினிடாடைப் பற்றியது. ஆனால் அவர் செய்தது என்ன என்று புரிய, கேரி நின்ற கதவையும் பார்த்தாக வேண்டும்.

ஃபயர்மேன் என்றதும் தீயணைப்பு வீரரை நினைத்துக்கொள்ள வேண்டாம். நம் ரயில்வேயில் நிலக்கரி இன்ஜின் ஓடிய காலத்தில் டிரைவருக்குப் பக்கத்தில் நின்று மண்வாரியால் கரி அள்ளிப் போட்டவரை என்ன பெயரிட்டு அழைத்தோமோ, அதே பெயர், அதே வேலை. நெருப்பை அணைப்பவரல்லர், வளர்ப்பவர். கப்பலில் அந்த வேலை நீர்மட்டத்துக்குக் கீழே, இரும்புச் சுவர்களுக்கு நடுவே நடக்கும். வெளிச்சம் அடுப்பு வாயிலிருந்து வருவதுதான் பெரும்பாலும். மேலே கடல் எந்த நிறத்தில் இருக்கிறது என்று அங்கே நிற்பவனுக்குத் தெரியாது.

சான் டியேகோ சின்னக் கப்பலும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவின் யூனியன் இரும்பாலையில் கட்டி 1904இல் நீரில் இறக்கப்பட்டு, 1907இல் கலிஃபோர்னியா என்ற பெயரோடு பணியில் சேர்ந்தது. நீளம் 500 அடிக்கு மேல். ஆட்கள் 800க்கு மேல். வேகம் மணிக்கு 22 கடல் மைல். மாநிலப் பெயர் புதிதாகக் கட்டவிருந்த போர்க்கப்பலுக்குத் தேவைப்பட்டதால், 1914 செப்டம்பரில் பழைய கப்பலுக்கு ஊர்ப்பெயர் சூட்டப்பட்டது. வெடிப்பு நடந்தபோது புதுப் பெயருக்கு வயது ஐந்து மாதம்கூட இல்லை. அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் கொடிக்கப்பல் அதுதான். மெக்சிகோவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்ததால் அதன் கரையோரம் அமெரிக்கக் கப்பல்கள் சுற்றிவந்த காலம் அது.

இந்தக் கப்பலை ஓட்டியவை 16 நீர்க்குழாய்க் கொதிகலன்கள். பழைய வகைக் கொதிகலனில் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர் நிற்கும். அதன் ஊடாகச் சூடான புகை குழாய்களில் போகும். நீர்க்குழாய் வகையில் நேர்மாறு. தண்ணீர் மெல்லிய குழாய்களுக்குள் ஓடும்; நெருப்பு அவற்றை வெளியிலிருந்து சுடும். சீக்கிரம் நீராவி கிடைக்கும், அழுத்தமும் கூடுதலாகக் கிடைக்கும். போர்க்கப்பலுக்கு இதைவிட வசதி இல்லை. ஆனால் உள்ளே இருக்கும் தண்ணீரின் அளவு குறைவு. முழு வேகத்தில் ஓடும்போது அது நீராவியாகிப் போகும் வேகத்துக்குச் சமமாக ஊட்டு நீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் குழாய் காயும். தண்ணீர் தொட்டுக்கொண்டிருக்கும்வரை இரும்பு தாங்கும். தண்ணீர் விலகிய கணத்திலிருந்து அது சிவந்து, இளகி, உள்ளழுத்தத்தில் பிளந்துவிடும். குக்கரில் தண்ணீர் வற்றிய பிறகும் அடுப்பு எரிந்தால் என்னவாகும் என்று வீட்டில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு வீட்டின் உயரத்துக்குக் குக்கர் இருந்தால் எப்படியோ, அப்படி.

கேரியின் விருதுச் சான்றுரையில் இதற்கு நேரான தடயம் இருக்கிறது. 1, 3 என்ற எண்ணுள்ள கொதிகலன்களில் தண்ணீரே இல்லாததுபோல் தெரிந்தது, எந்தக் கணத்திலும் வெடிக்கலாம் என்ற நிலை, என்று அதில் எழுதியிருக்கிறார்கள். கேரி அப்போதுதான் 2ஆம் எண் கொதிகலனின் நீராவி அழுத்தத்தையும் காற்றழுத்தத்தையும் படித்துக் குறித்திருந்தார் என்றும் அதில் உண்டு. அந்தக் காற்றழுத்தம் என்ற சொல்லைக் கவனிக்காமல் போகக் கூடாது. நெருப்பு வேகமாக எரிய, விசிறிகளால் காற்றை அழுத்தி ஊட்டுவது முழு வேக ஓட்டத்தின் வழக்கம். அதற்காகக் கொதிகலன் அறையையே காற்றுப் போகாமல் அடைத்து வைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு குழாய் பிளந்தால், கொதிநீராவி அடுப்பு வாய் வழியாக எரியும் கரியையும் தள்ளிக்கொண்டு அறைக்குள் பாய்கிறது. உள்ளே இருப்பவன் மூச்சை இழுத்தாலே நுரையீரல் வெந்துபோகும். கொதிகலன் விபத்துகளில் உலோகத் துண்டு படாதவர்களும் நீராவியில் வெந்து இறப்பதற்குக் காரணம் இதுதான்.

இனி அன்றைய நிகழ்ச்சி. இரண்டு சான்றுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் ஒரு வரைபடம் கிடைக்கிறது. தனித்தனியாகப் படித்தால் இரண்டு வெவ்வேறு விபத்துகளைப் பற்றிப் படிப்பதுபோல் இருக்கும்.

கேரி 2ஆம் எண் கொதிகலன் அறையில் (கொதிகலன்களுக்குத் தனி எண், அறைகளுக்குத் தனி எண்) அளவுகளைப் படித்துவிட்டு, மின்சாரத்தால் மூடும் நீர்புகாக் கதவைத் தாண்டி 1ஆம் எண் அறைக்குள் காலெடுத்து வைக்கிறார். பின்னால் 2ஆம் எண் அறை வெடிக்கிறது. அதே நேரம் அந்தக் கதவு மூடத் தொடங்குகிறது. மேலே கப்பலை நடத்தும் மேடையிலிருந்து யாரோ விசையை அழுத்திவிட்டார்கள்.

அந்த யாரோ ஒருவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கப்பலின் அடிப்பகுதியில் பெரும் அதிர்ச்சி கேட்டால் கதவுகளை மூடு என்பதுதான் பயிற்சி. டைட்டானிக் மூழ்கி மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. கதவு மூடினால் வெள்ளமோ நெருப்போ ஒரு அறையோடு நிற்கும். 800 பேர் பிழைப்பார்கள். அந்த ஓர் அறைக்குள் இருப்பவர்கள் கணக்கில் வர மாட்டார்கள். கதவைச் செய்தவர்கள் தெரிந்தேதான் அப்படிச் செய்தார்கள். கேரி அந்தக் கணக்கை ஏற்றுக்கொள்ளவில்லை. மூடும் கதவைப் பிடித்து நிறுத்திக்கொண்டு, உள்ளே இருப்பவர்களை இந்த வழியாக வரச் சொல்லிக் கத்துகிறார். மூன்று பேர் வந்துவிடுகிறார்கள். ஏறக்குறைய ஒரு நிமிடம் அவர் நீராவிக்கு நடுவே அப்படி நின்றார்.

பிறகு 1ஆம் எண் அறையில் இருந்தவர்களை ஓடவிடாமல் நிறுத்தி, நெருப்பை வாரி வெளியே இழுக்கவைத்தார். தண்ணீர் வற்றிய கொதிகலனுக்குள் பதற்றத்தில் தண்ணீரை விட்டால், சிவந்த இரும்பின்மேல் பட்டு ஒரே நொடியில் நீராவியாகி எல்லாம் சிதறிவிடும். செய்யக்கூடியது ஒன்றே: நீண்ட கம்பிக் கொக்கியால் எரியும் கரியை அடுப்பிலிருந்து தரையில் இழுத்துப் போட்டு, அடுப்பைப் பட்டினி போடுவது. வெடிக்கக் காத்திருக்கும் பொருளுக்கு முன்னால் நின்று செய்ய வேண்டிய வேலை. அது முடிந்த பிறகே அவர்களை நிலக்கரிக் கிடங்குக்குள் ஒதுங்கச் சொன்னார்.

கேரி இருந்தது 2ஆம் எண் அறைக்கு ஒரு புறம். டிரினிடாட் வெளியேறியது மறுபுறம்.

வெடிப்பு டிரினிடாடை 2ஆம் எண் அறையிலிருந்து வெளியே துரத்தியது. உடனே திரும்பி உள்ளே போனார். ஆர். இ. டேலி என்ற இன்னொரு இரண்டாம் நிலை ஃபயர்மேன் காயப்பட்டுக் கிடப்பதைப் பார்த்திருந்தார். அவரைத் தூக்கிக்கொண்டு வெளியே கொண்டுவரத் தொடங்கினார். 4ஆம் எண் அறைக்குள் நுழையும் நேரம், 3ஆம் எண் அறை வெடித்தது; அந்த வீச்சு அவர்மேல் அடித்தது. முகம் வெந்தது. டேலியை அடுத்தவர்களிடம் கைமாற்றிவிட்டு, 3ஆம் எண் அறையிலிருந்து காயப்பட்ட இன்னொருவரை மீட்பதற்கு உதவப் போனார்.

சான்றுரை சொல்வது இவ்வளவுதான். நான்கு வாக்கியங்கள். கேரிக்கு எழுதியதில் பாதிகூட இல்லை. கேரியின் சான்றுரையில் அவருடைய நிதானம், மன உறுதி, அவரைப் பார்த்து மற்றவர்கள் பெற்ற தைரியம் எல்லாம் பேசப்படுகின்றன. டிரினிடாடின் சான்றுரையில் பெரும்பாலும் அவர் கால்கள் போன வழிதான் இருக்கிறது: 2இலிருந்து வெளியே, 2க்குள், 4க்குள், 3க்குள். தன் பாதுகாப்பைக் கருதாமல் என்ற ஒரு தொடரைத் தாண்டி, மனம் எப்படி இருந்தது என்று யாரும் எழுதவில்லை. ஒருவேளை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். இது எழுதியவர்களின் வெறுப்பு என்று நான் சொல்லவில்லை. அதிகாரியைப் பற்றி எழுதும் பழக்கம் வேறு, கரி அள்ளுபவனைப் பற்றி எழுதும் பழக்கம் வேறு, அவ்வளவுதான்.

எனக்கு அந்த வறண்ட நடைதான் பிடித்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். புகழ்ச்சி குறைவாக இருப்பதால் செயல் மட்டும் துருத்திக்கொண்டு தெரிகிறது. முதல் முறை உள்ளே திரும்பியதை, வேண்டுமானால், யோசிப்பதற்குள் நடந்த காரியம் என்று சொல்லலாம். கூட வேலை செய்தவன் விழுந்துகிடக்கிறான். கால் தானாகத் திரும்புகிறது. வெடித்தது வெடித்து முடிந்தது என்று நம்பவும் இடம் இருந்தது. இரண்டாம் முறைக்கு அந்த விளக்கம் பொருந்தாது. கொதிகலன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கின்றன என்பது அப்போது அவருக்கு முகத்திலேயே தெரிந்துவிட்டது. வெளியேறும் வழியில் இருந்தார். கையில் ஏற்கெனவே ஒரு மனிதன் இருந்தான். அவனோடு போய்விட்டிருந்தால் யாரும் ஒரு சொல் சொல்லியிருக்க மாட்டார்கள், டேலியைக் காத்தவர் என்றே பெயர் கிடைத்திருக்கும். டேலியைக் கைமாற்றினார் என்ற அந்தச் சின்ன வினை இந்த நிகழ்வின் மையம் என்பது என் கருத்து. போவதற்குக் கிடைத்திருந்த நியாயமான காரணத்தை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்.

3ஆம் எண் அறையிலிருந்து அவர் மீட்க உதவிய ஆளின் பெயரைச் சான்றுரை சொல்லவில்லை.

விருதின் சட்டப் பக்கத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மெடல் ஆஃப் ஆனர் என்றால் போர்க்களம் என்று இன்று எல்லோரும் நினைக்கிறோம். அந்தக் காலத்துக் கடற்படைச் சட்டம் போரில் காட்டும் வீரத்தை மட்டும் கேட்கவில்லை; தொழிலின் வழியில் காட்டும் அசாதாரண வீரத்துக்கும் இடம் கொடுத்தது. டிரினிடாடின் சான்றுரையில் அந்தத் தொழில் என்ற சொல்லே வருகிறது. கொதிகலன் வெடிப்பில் உயிர் காத்தவர்கள், கடலில் விழுந்தவனைக் காப்பாற்றக் குதித்தவர்கள் என்று பலர் அமைதிக் காலத்தில் அதைப் பெற்றிருக்கிறார்கள். 1905இல் சான் டியேகோ துறைமுகத்திலேயே பென்னிங்டன் என்ற கப்பலின் கொதிகலன் வெடித்து 60க்கு மேற்பட்டோர் இறந்தபோது 11 பேருக்குக் கிடைத்தது. நீராவிக் கப்பற்படைகளுக்குப் போர் இல்லாத நாளிலும் போர்க்களம் அடித்தளத்தில் இருந்தது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 1963இல் சட்டம் திருத்தப்பட்டு, விருது போர்ச் செயலுக்கு மட்டும் என்றானது.

வேடிக்கை என்றேனே, அது இது. 1915 ஜனவரியில் அந்த விருது கடற்படையின் சாதாரண மாலுமிகளுக்கு மட்டுமே உரியது. அதிகாரிகளுக்குக் கொடுக்கச் சட்டத்தில் வழியே இல்லை. அதிகாரிகளையும் சேர்க்கும் சட்டம் நிறைவேறியது 1915 மார்ச் 3, அதாவது வெடிப்பு நடந்து ஆறு வாரம் கழித்து. டிரினிடாடின் விருதாணை ஏப்ரல் 1ஆம் தேதியிட்டது. கேரியின் சான்றுரையோ அவரை லெப்டினன்ட் கமாண்டர் என்று குறிப்பிட்டு, சம்பவத்தின்போது என்சைன் என்கிறது. அதற்குள் பதவி உயர்வுகள் வந்துவிட்டன. எல்லாவற்றிலும் அதிகாரிக்குப் பின்னால் நின்ற கரித்தொழிலாளி, இந்த ஒரு வரிசையில் முன்னால் நின்றார். விருதோடு மாலுமிக்கு 100 டாலர் அன்பளிப்பும் சட்டப்படி உண்டு.

டிரினிடாட் அந்த அடுப்பறைக்கு எப்படி வந்து சேர்ந்தார்? பிலிப்பைன்ஸின் பனாய் தீவில், இன்றைய அக்லான் மாகாணத்தில், நியூ வாஷிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். ஊர்ப் பெயரே அமெரிக்க ஆட்சி வைத்தது. அவர் பிறந்தபோது நாடு ஸ்பெயினுடையது. எட்டு வயதில் அது 2 கோடி டாலருக்கு அமெரிக்காவுக்குக் கைமாறியது. தொடர்ந்து அமெரிக்கருக்கும் பிலிப்பினோக்களுக்கும் கொடும்போர். அந்தப் போர் முடிவதற்கு முன்பே, 1901 ஏப்ரலில், அதிபர் மெக்கின்லி 500 பிலிப்பினோக்கள் வரை கடற்படையில் சேர்க்கலாம் என்று ஆணையிட்டார். தீவுப் படை என்று அவர்களுக்குத் தனிப் பெயர். 1910இல் டிரினிடாட் சேர்ந்தது அதில்தான்.

கப்பலில் அவரவர் இடம் தோல் நிறத்தால் தீர்மானமான காலம் அது. முதல் உலகப் போருக்குப் பிறகு நிலைமை இன்னும் இறுகியது. பிலிப்பினோக்கள் அதிகாரிகளுக்குச் சாப்பாடு பரிமாறி, படுக்கை விரிக்கும் பணியாளர்களாக மட்டுமே சேர முடியும் என்ற வழக்கம் வந்து 1970கள் வரை நீடித்தது. அந்தக் கடற்படையின் மிக உயர்ந்த விருதை ஒரு பிலிப்பினோ கொதிகலன் அறையில் வாங்கியிருக்க, அவருடைய ஊர்ப் பையன்களைக் கொதிகலன் அறைக்குக்கூட விடவில்லை. இதை எப்படிப் படித்தாலும் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது.

விருது பெற்ற முதல் பிலிப்பினோ அவர் அல்லர். 1911இல் பாசிலான் தீவில் நடந்த சண்டைக்காகத் தரைப்படைப் பிரிவைச் சேர்ந்த ஹோசே நிஸ்பெரோஸ் முன்பே பெற்றிருந்தார். ஆனால் அமெரிக்கக் கடற்படையில் அதைப் பெற்ற பிலிப்பினோ டிரினிடாட் ஒருவரே. ஆசிய வம்சத்தவரும் அவர் ஒருவரே. இரண்டு உலகப் போர்களிலும் பணியாற்றி 1945இல் ஓய்வு பெற்றார். நாடு திரும்பி, கவிட்டே மாகாணத்தில் வாழ்ந்து 1968 மே மாதம் காலமானார்.

கேரியின் வாழ்க்கை மேல்நோக்கிப் போனது. முதல் உலகப் போரில் நேவி கிராஸ் என்ற வீர விருதைப் பெற்றார். இரண்டாம் உலகப் போரில் சவான்னா என்ற கப்பலின் தலைவராக இருந்தபோது, 1943 செப்டம்பரில் இத்தாலியின் சலேர்னோ கரையோரம் ஜெர்மானியர் வானொலி அலையால் வழிநடத்திய குண்டு அக்கப்பலைத் துளைத்தது. 197 பேர் இறந்தார்கள். கப்பல் மூழ்காமல் மால்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றவர், டிரினிடாடுக்கு ஓராண்டு முன்னதாக 1967இல் மறைந்தார்.

சான் டியேகோ கப்பல் இருவருக்கும் முன்பே போய்விட்டது. 1918 ஜூலை 19 அன்று நியூயார்க்கின் ஃபயர் தீவு அருகே, யு-156 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி விட்டுச்சென்ற கண்ணிவெடியில் சிக்கி அரை மணி நேரத்துக்குள் கவிழ்ந்தது. ஆறு பேர் இறந்தார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா இழந்த மிகப் பெரிய போர்க்கப்பல் அது. அமைதிக் காலச் சோதனை ஓட்டம் ஒன்று அதே கப்பலில் எடுத்த உயிர்கள் போர் எடுத்ததைவிட அதிகம்.

2022 மே 19 அன்று கடற்படைச் செயலர் கார்லோஸ் டெல் டோரோ, டிடிஜி-139 என்ற எண்ணுள்ள நாசகாரிக் கப்பலுக்கு டெலெஸ்ஃபோரோ டிரினிடாட் என்று பெயரிடப்படும் என அறிவித்தார். பிலிப்பினோ அமெரிக்கர்கள், முன்னாள் மாலுமிகள் பலரும் சேர்ந்து நடத்திய நெடிய கோரிக்கைக்குப் பிறகு வந்த அறிவிப்பு. வெடிப்புக்கும் அதற்கும் இடையே 107 ஆண்டுகள். அந்த வகைக் கப்பல்களை ஓட்டுவது கேஸ் டர்பைன். கொதிகலன் அறை அவற்றில் கிடையாது.